யன்னலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

"அவன் யன்னலால் எட்டிப் பார்த்தான்." புத்தளம் பக்கத்துக் கனமூலையில் யாரிடம் சொன்னாலும் இது விளங்கும். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையின் பேனா 'லுக்' என்ற இடத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன போடுவது? இன்னா, அவுட்டா, த்ரூவா, அட்டா, அப்பா? (கடைசியை வாப்பா என்று வாசித்துவிட வேண்டாம், மேலே என்ற பொருள் தரும் 'அப்' அது.)

பிள்ளைக்கு இலக்கணம் தெரியாததால் பேனா நிற்கவில்லை. தமிழ் வாக்கியம் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியை ஆங்கிலம் கேட்கிறது, அதனால்தான் நிற்கிறது. எட்டிப் பார்த்தவன் வீட்டுக்குள் இருந்து ஒழுங்கையைப் பார்த்தானா, ஒழுங்கையில் நின்று வீட்டுக்குள் பார்த்தானா? தமிழில் முன்னும் பின்னும் வருகிற பேச்சைக் கொண்டு அதை ஊகித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் இரண்டு வேறு சொற்கள். ஆகவே யன்னல் பற்றிய ஆங்கில வாக்கியத்தை எழுதும் முன் பெரும்பாலும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: பார்ப்பவர் யன்னலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்? அது தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

தமிழ் இதில் பின்தங்கியது என்று நினைக்கத் தேவையில்லை. அது வேறொன்றைச் சொல்கிறது. எட்டிப் பார்த்தான், அண்ணாந்து பார்த்தான், குனிந்து பார்த்தான், திரும்பிப் பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், சாய்ந்து பார்த்தான். 'பார்' என்ற வினைக்கு முன்னால் நிற்கும் சொல்லெல்லாம் கழுத்தும் முதுகும் என்ன செய்தன என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'லுக்' என்பதற்குப் பின்னால் வரும் குட்டிச் சொல், பார்வை எந்த வழியாய் எங்கே போனது என்பதைக் காட்டுகிறது. நாம் உடம்பை வர்ணிக்கிறோம், அவர்கள் பார்வை போன பாதையை வர்ணிக்கிறார்கள். 'எட்டி' என்பதற்கு நேர் ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். தேட வேண்டியது பாதையை.

இன்னொரு பொறி நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழில் 'ஆல்' என்ற உருபு ஒரு பெரிய சுமைதாங்கி. கத்தியால் வெட்டினான், மழையால் நனைந்தது என்பவை எல்லாத் தமிழருக்கும் பொது. வாசலால் வந்தான், கடையால் வந்தான், யன்னலால் பார்த்தான் என்பவை நம்முடையவை. தமிழ்நாட்டுக்காரர் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். பாடசாலையில் 'ஆல்' என்றால் 'பை' என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், 'லுக் பை த விண்டோ' என்று எழுதக் கை தானாகப் போகும். 'பை த விண்டோ' என்றால் யன்னலுக்குப் பக்கத்தில் என்று பொருள். தொலைந்த சாவியை யன்னலடியில் தேடிப் பார் என்று சொல்லத்தான் அது உதவும். கடையால் வந்தவனுக்கு 'ஃப்ரொம்', யன்னலால் பார்த்தவனுக்கு 'த்ரூ' அல்லது 'அவுட் ஒவ்'. ஒரே 'ஆல்' ஆங்கிலத்தில் நாலைந்தாகப் பிரிந்து போகிறது.

முதலில் உள்ளே இருப்பவரை எடுத்துக்கொள்வோம், அதுதான் அதிகம் தேவைப்படுவது. வீட்டிலோ வகுப்பிலோ பஸ்ஸிலோ இருந்துகொண்டு வெளியே பார்த்தால் 'லுக் அவுட் ஒவ் த விண்டோ'. 'அவுட்', 'ஒவ்' இரண்டும் வேண்டும். அமெரிக்கர்கள் 'ஒவ்' என்பதை விழுங்கிவிட்டு 'லுக் அவுட் த விண்டோ' என்பார்கள். படங்களில் அப்படிக் கேட்டிருப்பீர்கள், பேச்சில் அது பிழையில்லை. நம் பாடநூல்கள் பிரித்தானிய வழக்கைத் தழுவியவை என்பதால் பரீட்சைத் தாளில் 'ஒவ்' இருக்கட்டும். எதைப் பார்த்தார் என்பதையும் சேர்க்க வேண்டுமானால் அதற்கு 'அட்'. கொழும்பிலிருந்து புத்தளம் வரும் ரயிலில் உட்கார்ந்திருப்பவர் முந்தல் தாண்டியதும் யன்னலால் தென்னந்தோட்டங்களைப் பார்க்கிறார்: 'ஹீ லுக்ஸ் அவுட் ஒவ் த விண்டோ அட் த கோகனட் ட்ரீஸ்'. யன்னல் என்ற ஓட்டையை 'அவுட் ஒவ்' காட்டுகிறது, போய்ச் சேர்ந்த இடத்தை 'அட்' காட்டுகிறது. ஓட்டை வேண்டாம், தென்னையை மட்டும் சொன்னால் போதும் என்றால் 'லுக் அவுட் அட் த கோகனட் ட்ரீஸ்'. உள்ளே இருந்து வெளியே என்ற செய்தி 'அவுட்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

அந்த ரயில் பாதை புத்தளம் வரை வந்தது 1926இல். அன்று முதல் அந்த யன்னல்களில் இருந்தவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை, தலையையும் நீட்டியிருப்பார்கள். பார்வை மட்டும் வெளியே போனால் 'லுக் அவுட் ஒவ்', உடம்பும் சாய்ந்து வெளியே போனால் 'லீன் அவுட் ஒவ்', தலை மட்டும் நீண்டால் 'புட் யுவர் ஹெட் அவுட் ஒவ்'. மூன்றிலும் பின்னால் வருவது ஒன்றேதான். வினையை மாற்றினாலும் பாதை மாறுவதில்லை. ஆங்கிலம் கற்பவருக்கு இது பெரிய ஆறுதல்: 'அவுட் ஒவ் த விண்டோ' என்ற துண்டை ஒருமுறை பழகிக்கொண்டால் எறிந்தான், கூப்பிட்டான், விழுந்தான், பறந்தது எல்லாவற்றுக்கும் பின்னால் அதை ஒட்டலாம்.

ஆங்கிலத்தின் இந்தப் பழக்கத்தை அழகாகக் காட்டும் ஒரு படப் புத்தகம் உண்டு. அமெரிக்க ஓவியர் மேர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட 'ஃபிராக், வேர் ஆர் யூ?'. கதைக்குள் ஒரு சொல்லும் கிடையாது, படங்கள் மட்டும். சிறுவன் ஒருவன் போத்தலில் வைத்திருந்த தவளை இரவில் ஓடிவிடுகிறது. காலையில் அவன் சப்பாத்துக்குள் பார்க்கிறான், நாய் போத்தலுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறது, இருவரும் யன்னலைத் திறந்து வெளியே பார்க்கிறார்கள், நாய் போத்தலோடு கீழே விழுகிறது. பிறகு மரப்பொந்துக்குள் பார்க்கிறான், ஆந்தை வெளியே வருகிறது. கடைசியில் விழுந்து கிடக்கும் மரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தவளைகளைக் கண்டுபிடிக்கிறான். ரூத் பேர்மன், டான் ஸ்லோபின் என்ற மொழி ஆய்வாளர்கள் இந்தப் படங்களை ஆங்கிலம், ஜேர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிகளைப் பேசும் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் காட்டிக் கதை சொல்லவைத்தார்கள். 1994இல் அது தடித்த நூலாக வந்தது. ஆங்கிலமும் ஜேர்மனும் பேசியவர்கள் ஒரு வினையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் திசைச் சொற்களை வரிசையாக அடுக்கினார்கள். மற்ற மூன்று மொழிக்காரரும் ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு என்று திசையை வினைக்குள்ளேயே வைத்துச் சொல்ல விரும்பினார்கள். தமிழும் ஏறு, இறங்கு, நுழை என்று பேசும் மொழிதான். நம் பிள்ளைகள் ஆங்கிலத் திசைச் சொற்களில் தடுமாறுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. வகுப்பில் இந்தப் படங்களைக் காட்டி 'லுக்' என்ற ஒரே வினையை வைத்து இன், இன்டூ, அவுட் ஒவ், ஓவர் என்று சொல்லிப் பார்க்கச் சொன்னால், கரும்பலகையில் எழுதும் பட்டியலைவிட வேகமாக ஏறும்.

இனி வெளியே நிற்பவர். இங்கேதான் குழப்பம் அதிகம். ஒழுங்கையில் நின்று யன்னலால் வீட்டுக்குள் பார்த்தால் 'லுக் இன் த்ரூ த விண்டோ' அல்லது 'லுக் இன் அட் த விண்டோ'. முதலாவது, பார்வை யன்னலை ஊடுருவிப் போவதைச் சொல்கிறது. இரண்டாவது, முகம் யன்னலடியில் வந்து நிற்பதைச் சொல்கிறது. பேய்க்கதைகளில் வரும் 'எ ஃபேஸ் அட் த விண்டோ' இந்த இரண்டாவதன் சொந்தக்காரன். அறையைக் குறிப்பிட வேண்டுமென்றால் 'லுக் இன்டூ த ரூம்'. ஆகவே இன்டூ அறைக்கு, த்ரூ யன்னலுக்கு. 'லுக் இன்டூ த விண்டோ' என்று வீட்டு யன்னலைப் பற்றி எழுதினால் பார்வை கண்ணாடிக்குள்ளேயே புதைந்து போன மாதிரி இருக்கும்.

கடை யன்னலுக்கு மட்டும் இது மாறும். புத்தளம் நகரில் பெருநாள் நெருங்கும்போது துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளுக்குச் சட்டை போட்டு நிறுத்தியிருப்பார்களே, அந்த இடம் முழுவதும் ஆங்கிலத்தில் 'ஷொப் விண்டோ'. கண்ணாடி மட்டுமல்ல, அதற்குப் பின்னால் உள்ள மேடையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். ஆகவே சட்டை 'இன் த விண்டோ' இருக்கிறது, நீங்களும் 'லுக் இன் த ஷொப் விண்டோ' செய்கிறீர்கள். வாங்காமல் பார்த்துக்கொண்டே போனால் 'விண்டோ ஷொப்பிங்'. ராத்தாவோடு போனால் அது இரண்டு மணித்தியாலம் நடக்கும்.

உள்ளே பார்ப்பதற்கும் வெளியே பார்ப்பதற்கும் இடையே மொழி வேறுபாடு மட்டுமா இருக்கிறது? வெளியே பார்ப்பது பொழுதுபோக்கு, உள்ளே பார்ப்பது பல இடங்களில் குற்றம். அனுமதி கேட்டு வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது சூரா அந்-நூரின் கட்டளை. அந்த அனுமதியே பார்வையின் பொருட்டு ஏற்பட்டதுதான் என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. துவாரத்தால் உள்ளே எட்டிப் பார்த்த ஒருவரைப் பற்றியது அது. கால் உள்ளே வருமுன் கண் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்குப் புதிதல்ல. ஆங்கிலமும் இதற்கென்று தனிச் சொல் வைத்திருக்கிறது. திருட்டுத்தனமாக, விரைவாக, சிறு இடைவெளியால் பார்ப்பது 'பீப்'. கிடுகு வேலி இடுக்கால் பார்ப்பது 'பீப் த்ரூ த ஃபென்ஸ்'. இந்தக் கெட்ட பழக்கம் உள்ளவனுக்குப் பெயர் 'பீப்பிங் டொம்'. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் வழங்கும் கொடைவா சீமாட்டி கதையில் வருபவன் அந்த டொம். சீமாட்டி பதினோராம் நூற்றாண்டில் உண்மையாக வாழ்ந்தவர். டொம் பல நூற்றாண்டுகள் கழித்துக் கதையில் ஒட்டிக்கொண்டவன். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட பார்வையிலிருந்து தப்பத்தான் திரை. பகலில் மெல்லிய திரை போட்ட யன்னலின் உள்ளே இருப்பவருக்கு ஒழுங்கை தெரியும், ஒழுங்கையில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. வெளியில் வெளிச்சம் கூடுதல், திரையில் பட்டுத் திரும்பும் ஒளி உள்ளிருந்து வரும் மங்கலான ஒளியை அமுக்கிவிடுகிறது. இரவில் விளக்கைப் போட்டால் கணக்கு தலைகீழ். அதனால்தான் மஃரிப் நேரம் வந்ததும் உம்மாமார் தடித்த திரையை இழுத்துவிடுகிறார்கள். பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதபோது, அல்லது சொல்ல விருப்பமில்லாதபோது, ஆங்கிலத்திலும் ஒரு தப்பும் வழி இருக்கிறது: 'லுக் த்ரூ த விண்டோ'. இது இரு பக்கத்துக்கும் பொருந்தும். பரீட்சையில் எந்தப் பக்கம் என்று கேள்வி சொல்லவில்லையானால் 'த்ரூ' போட்டுத் தப்பிக்கலாம்.

மேலே இருக்கும் யன்னலைக் கீழே நின்று பார்ப்பது 'லுக் அப் அட் த விண்டோ'. 'அட்' என்பதை விட்டால் ஆபத்து. 'லுக் அப் த வேர்ட்' என்றால் அகராதியில் சொல்லைத் தேடு என்று பொருள், ஆகவே 'லுக் அப் த விண்டோ' என்றால் யன்னலை ஏதோ ஒரு புத்தகத்தில் தேடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பள்ளிவாசல் மினாராவை அண்ணாந்து பார்த்தாலும், மாடியில் நிற்பவரைப் பார்த்தாலும் 'அப் அட்'. மாடியில் இருப்பவர் திருப்பிப் பார்த்தால் 'லுக் டவுன் அட்'. யன்னலையும் சேர்க்க வேண்டுமானால் 'லுக் டவுன் ஃப்ரொம் த விண்டோ'.

இலக்கியத்தில் இந்த ஏற்ற இறக்கப் பார்வைக்குக் கொள்ளை கிராக்கி. ஷேக்ஸ்பியரின் ரோமியோ தோட்டத்தில் நின்று ஜூலியட்டின் யன்னலை அண்ணாந்து பார்க்கிறான். உலகம் முழுவதும் அதைப் பல்கனிக் காட்சி என்கிறது, நாடகத்துக்குள் பல்கனி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கம்பனின் மிதிலையில் இராமன் வீதியில் நடக்கிறான், சீதை கன்னிமாடத்தில் நிற்கிறாள். ஆங்கிலத்தில் இதைச் சொல்கிறவர் ஒருவருக்கு 'அப் அட்', மற்றவருக்கு 'டவுன் அட்' என்று பிரித்துத்தான் ஆக வேண்டும். கம்பன் இருவருக்கும் ஒரே வினையைக் கொடுத்துவிட்டான். அந்தச் சமத்துவம் ஆங்கிலத்தில் கொஞ்சம் சேதப்படும், வேறு வழியில்லை.

இதுவரை 'பார்' என்ற வினையைப் பற்றிப் பேசினோம். 'கண்டேன்' என்று வரும்போது ஒரு சுவையான சிக்கல். "அவனை யன்னலில் கண்டேன்" என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலுக்கும் நாலு காட்சி. 'ஐ சோ ஹிம் ஃப்ரொம் த விண்டோ' என்றால் நான் யன்னலடியில் நின்றேன், அவன் எங்கோ வெளியே. 'ஐ சோ ஹிம் த்ரூ த விண்டோ' என்றால் எங்கள் இருவருக்கும் நடுவே யன்னல், யார் உள்ளே யார் வெளியே என்று தெரியாது. 'ஐ சோ ஹிம் அட் த விண்டோ' என்றால் அவன்தான் யன்னலடியில் நின்றான். 'ஐ சோ ஹிம் இன் த விண்டோ' என்றால் யன்னல் சட்டத்துக்குள் படம் போல அவன் உருவம் தெரிந்தது. பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கிற நாள் வந்தால் இந்த நாலில் எதைச் சொன்னோம் என்பது வழக்கையே திருப்பிவிடும். ஹிட்ச்கொக் 1954இல் எடுத்த 'ரியர் விண்டோ' படமே இந்தக் குட்டிச் சொற்களின் மேல் நிற்கிறது. கால் முறிந்து கதிரையில் கிடக்கும் புகைப்படக்காரர் தன் யன்னலால் முற்றத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் செய்வதைச் சொல்ல ஒரே வாக்கியத்தில் இரண்டு பாதையும் தேவை: 'ஹீ லுக்ஸ் அவுட் ஒவ் ஹிஸ் விண்டோ இன்டூ தெயர்ஸ்'. எதிர்ப்பக்கம் ஒருவர் திருப்பிப் பார்ப்பாரா என்பதுதான் படத்தின் பயம்.

மனிதர் பார்ப்பது போல யன்னலும் பார்க்கும். இது ஆங்கிலத்தின் விசித்திரம் என்று சொல்பவர்கள் தமிழை மறந்துவிடுகிறார்கள். கிழக்குப் பார்த்த வீடு, தெற்குப் பார்த்த வாசல் என்று நாம் சொல்வதில்லையா? அதே கணக்கில் களப்பைப் பார்த்த யன்னலை ஆங்கிலத்தில் 'த விண்டோ லுக்ஸ் அவுட் ஒன் த லகூன்' என்பார்கள். 'ஒன்' இடத்தில் 'ஒன்டூ' வரலாம், உயரத்திலிருந்து பரந்து தெரிந்தால் 'ஓவர்' வரலாம். ஒழுங்கையைப் பார்த்த யன்னலுக்கு 'லுக்ஸ் ஒன்டூ த லேன்'. இங்கே 'அட்' போடக் கூடாது. 'அட்' கண் உள்ளவருக்கு மட்டும். நுரைச்சோலையில் ஒரு வீட்டு யன்னல் மின்நிலையப் புகைபோக்கியைப் பார்த்து இருக்கிறது என்றால் 'ஒன்டூ', அந்த வீட்டுப் பிள்ளை புகைபோக்கியைப் பார்க்கிறது என்றால் 'அட்'.

மிச்சம் இருப்பவை யன்னலோடு தொடர்பே இல்லாமல், அதே சொற்களை அணிந்துகொண்டு வரும் வேடதாரிகள். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'லுக் அவுட்!' என்று ஆச்சரியக்குறியோடு வந்தால் கவனம் என்று அர்த்தம். ரயில் பாலத்தை நெருங்கும்போது பக்கத்திலிருந்தவர் அப்படிக் கத்த, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர் தலையை இன்னும் வெளியே நீட்டினார் என்பது பழைய பகிடி. 'லுக் இன்டூ' ஒரு முறைப்பாட்டை விசாரிப்பது. 'லுக் இன் ஒன்' சுகமில்லாத மூத்தம்மாவை ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. 'லுக் அப் டூ' ஒருவரை மதிப்பது, 'லுக் டவுன் ஒன்' ஒருவரை இளக்காரமாக நினைப்பது. மாடியிலிருந்து தெருவைப் பார்க்கும்போது 'டவுன் அட்' என்பதற்குப் பதிலாக 'டவுன் ஒன்' என்று மனிதரைப் பற்றி எழுதிவிட்டால், பார்வை அவமதிப்பாக மாறிவிடக்கூடும். 'லுக் த்ரூ' மனிதர்மேல் வந்தால் கண்டும் காணாததுபோல் போவது. கல்யாண வீட்டில் பழைய சண்டைக்காரர் செய்வது அதைத்தான்.

எல்லாவற்றிலும் கள்ளன் 'ஓவர்லுக்'. கற்பிட்டியில் தங்குவிடுதி நடத்துகிறவர் தன் அறைகள் 'ஓவர்லுக் த லகூன்' என்று விளம்பரம் போட்டால், யன்னலைத் திறந்ததும் களப்புத் தெரியும் என்று பொருள். அதற்கு அவர் கூடுதல் வாடகையும் வாங்குவார். அதே சொல் ஓர் அலுவலகத்துக் கடிதத்தில் வந்து, உங்கள் விண்ணப்பம் 'ஓவர்லுக்ட்' ஆகிவிட்டது என்றால், அதை யாரோ மேலே நின்று அக்கறையாகப் பார்த்தார்கள் என்று மகிழ வேண்டாம். ஒருவரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையிலேயே நேரில் போய்விடுவது நல்லது.